எந்த வீட்டிலும் பேசாத அரபி

கீழக்கரை, அதிராம்பட்டினம், காயல்பட்டினம் பக்கம் போனால் அரபி தெரிந்தவர்கள் இரண்டு வகையில் கிடைப்பார்கள். ஒருவர் தம்மாமில் கடை வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அரபியில் விலை பேசுவார், சண்டை போடுவார், சமாதானமும் செய்துகொள்வார். ஆனால் அரபிச் செய்தித்தாளை அவர் முன் விரித்தால் எழுத்துக் கூட்டுவாரே தவிர, பொருள் பிடிபடாது. தொலைக்காட்சியில் செய்தி வாசித்தாலும் பாதிக்கு மேல் நழுவிவிடும். மற்றவர் அரபிக் கல்லூரியில் ஓதி ஆலிம் பட்டம் வாங்கிய ஹஜ்ரத். நஹ்வு, ஸர்ஃபு என்று இலக்கணத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர். அவர் முதல்முறை உம்ராவுக்குப் போய் ஜித்தாவில் இறங்கியதும் டாக்ஸிக்காரர் கேட்கும் கேள்வி அவருக்கு விளங்குவதில்லை. இவர் சொல்வது டாக்ஸிக்காரருக்கு விளங்குகிறது, ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்த இருவரில் யாருக்கு அரபி தெரியும்?

அரபு நாட்டுக்காரரிடமே கேட்டுப் பார்க்கலாம் என்றால் குழப்பம் கூடுகிறது. கெய்ரோவிலேயே பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒருவரைப் பற்றி அவருடைய அண்டை வீட்டுக்காரரே "பாவம், அவருக்கு அரபி தெரியாது" என்று சொல்லக் கேட்கலாம். பிறந்தது முதல் அரபி தவிர வேறெதுவும் பேசாத மனிதரைப் பற்றிய பேச்சு இது. சொல்பவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு வாக்கியம், ஆறு ஊர்

சிக்கலைக் கையில் எடுத்துப் பார்க்க ஒரே ஒரு வாக்கியம் போதும். "எனக்கு இப்போது போகணும்." எந்த மொழியிலும் குழந்தை இரண்டு வயதில் சொல்லிவிடக்கூடிய வாக்கியம். தமிழெழுத்தில் அரபி ஒலிகளை முழுதாகக் காட்ட முடியாது, கிட்டத்தட்டத்தான். கீழே ' என்ற குறி வரும் இடத்தில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும்.

எழுத்தில்: உரீது அன் அத்ஹப அல்ஆன்.
கெய்ரோ: ஆயிஸ் அரூஹ் தில்வ'தி.
டமாஸ்கஸ்: பித்தி ரூஹ் ஹல்ல'.
பாக்தாத்: அரீத் அரூஹ் ஹஸ்ஸ.
குவைத்: அபி அரூஹ் அல்ஹீன்.
காசாபிளாங்கா: ப்கீத் நம்ஷி தாபா.

முதல் வரி புத்தகத்தில், செய்தியில், மேடையில் வரும் அரபி. அதற்கு ஃபுஸ்ஹா என்று பெயர். மற்ற ஐந்தும் வீட்டிலும் தெருவிலும் பேசுவது. கிழக்கே இவற்றை ஆம்மிய்யா என்பார்கள், மொராக்கோ பக்கம் தாரிஜா என்பார்கள்.

முதல் பார்வைக்கு ஆறு மொழிகள்போல் இருக்கின்றன. இனி ஒவ்வொரு சொல்லாகப் பிரிப்போம். "இப்போது" என்பதில் தொடங்கலாம். அல்ஆன் என்ற எழுத்துச் சொல் ஐந்து ஊர்களில் ஒன்றில்கூட இல்லை. கெய்ரோவின் தில்வ'தி என்பதற்குள் ஒளிந்திருப்பது வக்து. தொழுகை நேரத்தை "வக்து" என்று தமிழ் முஸ்லிம்கள் சொல்கிறார்களே, அதே சொல்தான். "இந்த வக்து" என்ற தொடர் உருண்டு உருண்டு தில்வ'தி ஆயிற்று. நடுவிலிருந்த 'க்' ஒலி தொண்டை அடைப்பாக மாறிவிட்டது. டமாஸ்கஸின் ஹல்ல' என்பதும் அதே "இந்த வக்து"தான், வால் இன்னும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. பாக்தாதின் ஹஸ்ஸ "இந்த மணி நேரம்" என்பதன் சுருக்கம். குவைத்தின் அல்ஹீன் என்றால் "அந்தச் சமயம்". இப்படி ஊருக்கு ஊர் காலத்தைக் குறிக்கும் ஏதோ ஒரு பழைய பெயர்ச்சொல்லை எடுத்து, "இப்போது" என்பதைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அல்ஆன் என்பதை யாரும் தப்பாக உச்சரிக்கவில்லை. அதை எடுக்கவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"வேணும்" என்பதற்கு வருவோம். பாக்தாதின் அரீத், எழுத்தரபியின் உரீது இரண்டும் ஒரே வேர். டமாஸ்கஸின் பித்தி "என் ஆசையில்" என்ற பொருள்கொண்ட தொடரிலிருந்து வந்தது. இலக்கணப்படி அது வினைச்சொல்லே அல்ல, ஆனால் வினையின் வேலையைச் செய்கிறது. குவைத்தின் அபி, காசாபிளாங்காவின் ப்கீத் இரண்டுக்கும் இடையே ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, ஆனாலும் வேர் ஒன்றுதான். "நாடுதல்" என்ற பொருளில் பழைய நூல்களில் வரும் வினை அது. அண்டை ஊர்களில் இல்லாத ஒற்றுமை அரபுலகின் இரு கோடிகளில் கிடைக்கிறது.

இலக்கணத்தில் ஒரு பொறியும் உண்டு. நம்ஷி என்பதை மொராக்கோக்காரர் "நான் போகிறேன்" என்று சொல்கிறார். பாக்தாத்காரர் காதில் அது "நாங்கள் நடக்கிறோம்" என்று விழும். வினையின் முன்னால் வரும் 'ந' கிழக்கே பன்மை. எகிப்தைத் தாண்டி மேற்கே போனால் அது ஒருமையாகிவிடுகிறது. மொழியியலாளர்கள் கிழக்கு, மேற்கு வழக்குகளைப் பிரிக்க முதலில் பார்க்கும் அடையாளங்களில் இது ஒன்று.

அப்படியானால் மொராக்கோக்காரரும் ஈராக்கியரும் சந்தித்தால் என்ன ஆகும்? இருவரும் தத்தம் ஊர்ச் சொற்களை விலக்கி, எழுத்தரபியிலிருந்து கொஞ்சம், எகிப்துப் படங்களில் கேட்டதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒப்பேற்றுவார்கள். எகிப்தியர் பேசினால் மொராக்கோக்காரருக்கு நன்றாகப் புரியும், மொராக்கோக்காரர் இயல்பாகப் பேசினால் எகிப்தியர் விழிப்பார். இதற்குக் காரணம் இலக்கணம் அல்ல, கெய்ரோவின் திரைப்படத் தொழில்.

இரட்டை வழக்கு

அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959-இல் 'வேர்ட்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். பிரெஞ்சு அறிஞர் வில்லியம் மார்சே 1930-இல் அரபியைப் பற்றிப் பயன்படுத்திய 'டைக்ளாசியா' என்ற சொல்லை எடுத்து, அதற்குத் துல்லியமான வரையறை தந்தார். தமிழில் இதை இரட்டை வழக்கு என்கிறோம். ஒரே சமூகத்தில் ஒரே மொழியின் இரண்டு வடிவங்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது. வீட்டில், சந்தையில், நட்பில் ஒன்று. பள்ளியில், வழிபாட்டில், அச்சில் மற்றொன்று. ஃபெர்குசன் விரிவாக எடுத்துக்கொண்டவை நான்கு: அரபி, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைட்டியின் கிரியோல். கட்டுரையின் கடைசிப் பகுதியில் தமிழும் வருகிறது. தமது வரையறைக்குத் தமிழ் அப்படியே பொருந்துகிறது என்கிறார்.

எல்லா மொழியிலும்தான் வட்டாரப் பேச்சு இருக்கிறது, இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். வேறுபாடு இங்கேதான். லண்டனில் அச்சு ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய ஆங்கிலத்தையே வீட்டிலும் பேசி வளரும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு அது தாய்மொழி. ஃபுஸ்ஹாவுக்கு அப்படி ஒரு வீடு கிடையாது. கெய்ரோவின் மிகப் பெரிய இலக்கணப் பேராசிரியர்கூடத் தம் குழந்தையை ஆம்மிய்யாவில்தான் கொஞ்சுகிறார். இரட்டை வழக்கின் அடையாளம் அதுதான். உயர்ந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வடிவம் யாருக்கும் முதல் மொழி இல்லை. பள்ளியில் கற்றால்தான் உண்டு. கற்காதவருக்கு "அரபி தெரியாது" என்ற பட்டம் வருவதும் இதனால்தான்.

நமக்கு இது விளங்காத விஷயம் அல்ல. ஆனால் தமிழை வைத்து அரபியை அளந்தால் அளவு தப்பும். நாகர்கோவில்காரரும் சேலத்துக்காரரும் அவரவர் பேச்சில் பேசியே சமாளிக்கலாம். காசாபிளாங்காவுக்கும் பாக்தாதுக்கும் நடுவே அது நடக்காது.

வேற்றுமை எங்கே போனது?

அரபுலகில் படித்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலானோர் ஒரு கதை சொல்வார்கள். முற்காலத்தில் எல்லோரும் ஃபுஸ்ஹா பேசினார்கள். பிறகு பாரசீகர், கிரேக்கர், கோப்டியர், அமஸீகர் என்று பிற மொழியினர் கலந்தார்கள். மொழி கெட்டது. கெட்டுப்போன மிச்சம்தான் இன்றைய பேச்சு.

இந்தக் கதைக்கு வயது அதிகம். ஏழாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ என்பவர் அரபி இலக்கணத்துக்கு வித்திட்டவர் என்பது மரபு. அவர் மகள் ஒருநாள் வானத்தைப் பார்த்து "மா அஹ்ஸனு..." என்று தொடங்கினாளாம். "வானத்தில் எது மிக அழகு?" என்று பொருள். தகப்பனார் "நட்சத்திரங்கள்" என்றார். "நான் கேள்வி கேட்கவில்லை, வானம் எவ்வளவு அழகு என்று வியந்தேன்" என்றாள் மகள். "அப்படியானால் மா அஹ்ஸன என்று சொல்ல வேண்டும்" என்று திருத்திவிட்டு, இலக்கணம் வகுக்க உட்கார்ந்தாராம். சொல்லின் கடைசியில் 'உ' வந்தால் கேள்வி, 'அ' வந்தால் வியப்பு. நடந்ததோ இல்லையோ, கதை எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்பது தெளிவு. சொல்லின் இறுதியில் வரும் குறில்தான் ஃபுஸ்ஹாவின் உயிர்நாடி.

எழுவாயாக வந்தால் வலதுன், செயப்படுபொருளாக வந்தால் வலதன், முன்னிடைச் சொல்லை அடுத்து வந்தால் வலதின். "பையன்" என்ற சொல்லின் மூன்று வேற்றுமை வடிவங்கள் இவை. நம் அரபிக் கல்லூரிகளில் இதை இஃராப் என்று உருப்போடுகிறார்கள். இன்றைய பேச்சு வழக்குகளில் எங்கும் இந்த முறை உயிரோடு இல்லை. வலத் என்றால் வலத்தான். யார் யாரை அடித்தார் என்பதைச் சொற்களின் வரிசை காட்டிவிடும்.

சரி, இந்த இறுதி ஒலிகள் எப்போது போயின? பழைய ஏடுகளைப் பார்த்தால் தெரியாதா? தெரியாது. அரபியெழுத்தில் குறில்களை எழுதுவதில்லை. வலதுன், வலதின், வெறும் வலத் எல்லாமே ஏட்டில் ஒரே மூன்று எழுத்துகள். ஆய்வாளர் எதைத் தேடுகிறாரோ அதையே மறைக்கும் எழுத்துமுறை.

வழி வேறு திசையிலிருந்து கிடைத்தது. டமாஸ்கஸில் உமையா பெரிய பள்ளிவாசலின் முற்றத்தில், தூண்கள் மேல் நிற்கும் சிறிய கருவூல மண்டபம் ஒன்று இருக்கிறது. பழைய ஏடுகளைப் போட்டுவைத்த இடம். ஜெர்மன் அறிஞர் புரூனோ வயலெட் அதற்குள்ளிருந்து ஒரு தோல் ஏட்டின் துண்டைக் கண்டெடுத்து 1901-இல் வெளியிட்டார். பைபிளின் சங்கீதம் ஒன்று ஒரு பத்தியில் கிரேக்கத்தில் இருக்கிறது. பக்கத்துப் பத்தியில் அதன் அரபி மொழிபெயர்ப்பு, அதுவும் கிரேக்க எழுத்தில். எழுதியவருக்குக் கிரேக்க எழுத்துதான் பழக்கம்போலும். கிரேக்க எழுத்து உயிரொலிகளை விடாமல் எழுதும். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான டமாஸ்கஸ் அரபி எப்படி ஒலித்தது என்பது அதில் பதிவாகிவிட்டது. அந்த ஏட்டில் வேற்றுமைக் குறில்கள் பெரும்பாலும் இல்லை. இலக்கண நூல்கள் செழித்துக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியே, சமய நூல் ஒன்றை எழுதிய கை அவற்றைப் பொருட்படுத்தாமல் எழுதியிருக்கிறது.

இன்னும் பின்னால் போகலாம். தெற்கு சிரியாவிலும் வடகிழக்கு ஜோர்டானிலும் கருங்கல் பாலைவனம் ஒன்று விரிந்து கிடக்கிறது. இஸ்லாத்துக்குப் பல நூற்றாண்டு முன்பு அங்கே ஆடு, ஒட்டகம் மேய்த்தவர்கள் பாறைகளில் ஆயிரக்கணக்கில் கீறி வைத்திருக்கிறார்கள். தங்கள் பெயர், பாட்டன் பெயர், மேய்ச்சல், இறந்தவருக்கான அழுகை எல்லாம் அதில் உண்டு. இந்த ஸஃபாயிட்டிக் கல்வெட்டுகளின் இலக்கணத்தை அஹ்மத் அல்ஜல்லாத் 2015-இல் நூலாக வெளியிட்டார். வலதுன் என்பதில் கடைசியில் வரும் 'ன்' ஃபுஸ்ஹாவில் கட்டாயம். இந்தப் பாறைகளில் அது இல்லை. அதே பாலைவனத்தில் கிரேக்க எழுத்தில் கிடைத்த ஓர் அரபிக் கல்வெட்டிலோ செயப்படுபொருளின் இறுதி 'அ' நிற்கிறது. ஒன்று போயிருக்கிறது, மற்றொன்று இருக்கிறது. அந்தக் காலத்திலேயே அரபி ஒன்றாக இருக்கவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். அல்ஆனை எந்த ஊரும் எடுக்காததையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு வழக்குகள் ஃபுஸ்ஹாவின் பிள்ளைகள் என்பதைவிட, அதன் சகோதரர்களின் பிள்ளைகள் என்பது உண்மைக்கு நெருக்கம்.

முரணான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஃபுஸ்ஹாவில் இல்லாத சில கூறுகள் பெரும்பாலான பேச்சு வழக்குகளில் பொதுவாக இருக்கின்றன. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு "கொண்டு வா" என்பதற்கு ஜீப் என்ற சொல் பழக்கம். "வந்தான்", "உடன்" என்ற இரண்டு பழைய சொற்கள் ஒட்டிப் பிறந்தது அது, மொராக்கோ வரை வழங்குகிறது. "பார்த்தான்" என்பதற்கு ஷாஃப் என்பதும் அப்படியே. ஃபெர்குசன் இப்படிப் பதினான்கு கூறுகளைத் தொகுத்து, படையெடுப்புக் காலப் பாளைய நகரங்களில் பல குலத்தார் கலந்து ஒரு பொதுப் பேச்சு உருவாகியிருக்கும், அதுவே பரவியிருக்கும் என்றார். ஜோனதன் ஓவன்ஸ் போன்றவர்கள் அப்படி ஒற்றை ஊற்று தேவையில்லை என்று மறுக்கிறார்கள். எனக்கு இரண்டாவது தரப்பு பலமாகப் படுகிறது. ஆனால் ஜீப், ஷாஃப் இரண்டையும் அது எளிதாக விளக்கிவிடவில்லை.

கூரை இல்லாத தீவு

மொழியியலாளர்கள் ஃபுஸ்ஹா போன்ற வடிவத்தைக் கூரைமொழி என்பார்கள். கீழே ஆளுக்கொரு அறையில் இருப்பவர்களை ஒரே வீட்டார் என்று எண்ணவைப்பது அது. கூரையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சோதனைக்கூடத்தில் செய்ய முடியாத இந்தச் சோதனையை வரலாறு ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது.

மத்தியதரைக் கடலில் மால்ட்டா தீவு 870-இல் அரபியர் கைக்கு வந்தது. 1091-இல் நார்மானியர் வந்தார்கள். காலப்போக்கில் தீவு முழுக்கக் கத்தோலிக்கம் ஆயிற்று. குர்ஆன் இல்லை, அரபியெழுத்து இல்லை, ஃபுஸ்ஹா இல்லை. மக்கள் பேச்சு மட்டும் தொடர்ந்தது. சிசிலியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சொற்கள் கொட்டின. பின்னர் இலத்தீன் எழுத்தில் எழுதத் தொடங்கினார்கள். 1934-இல் ஆட்சிமொழி, 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில் ஒன்று. இன்று மால்ட்டாக்காரரிடம் "நீங்கள் பேசுவது அரபியா?" என்று கேட்டால் "மால்ட்டீஸ்" என்று சட்டென்று பதில் வரும்.

நம் வாக்கியத்தை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? "இர்ரீத் இம்மூர் இஸ்ஸ." இர்ரீத் என்பது பாக்தாதின் அரீதும் எழுத்தரபியின் உரீதும்தான். இஸ்ஸ என்பது பாக்தாதின் ஹஸ்ஸவுக்கு உறவு, "மணி நேரம்" என்ற அதே சொல். இம்மூர் என்பதன் தொடக்கத்தில் கரைந்து நிற்பது மொராக்கோவின் அந்த ஒருமை 'ந'. மேலே பார்த்த காசாபிளாங்கா வாக்கியத்தைவிட இந்த வாக்கியம் எழுத்தரபிக்கு ஒரு சொல் அதிகமாகவே நெருங்கி வருகிறது. ஆனால் அது அரபி எனப்படுகிறது, இது தனிமொழி எனப்படுகிறது. எங்கே மொழி முடிந்து வழக்கு தொடங்குகிறது என்ற கேள்விக்கு இலக்கணத்தில் விடை தேடிப் பயனில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மேடையில் ஏறி இறங்குவது

ஃபெர்குசன் பிரித்த இரண்டு வடிவங்களுக்கு நடுவே உள்ள சுவர் அவ்வளவு திடமானது அல்ல. எகிப்திய மொழியியலாளர் அஸ்ஸயீத் பதவீ வானொலியைக் காது கொடுத்துக் கேட்டு 1973-இல் எழுதிய நூலில் ஐந்து படிகளைப் பிரித்தார். மேலே சமயப் பேருரையின் மரபு ஃபுஸ்ஹா, அடுத்து செய்தியின் இக்கால ஃபுஸ்ஹா. அதன் கீழே பேச்சு வழக்கு மூன்று: உயர்கல்வி கற்றவர்கள் கருத்து விவாதிக்கும்போது பேசுவது, எழுத்தறிந்தவர்களின் அன்றாடப் பேச்சு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பேச்சு. ஒரே மனிதர் ஒரே பேச்சில் இரண்டு மூன்று படிகள் ஏறி இறங்குகிறார் என்பதுதான் அவர் கண்டதில் முக்கியம். எகிப்திய நாடகாசிரியர் தவ்ஃபீக் அல்ஹகீம் இந்த ஏற்ற இறக்கத்தை நாடகமாக்கினார். 1956-இல் வந்த 'அஸ்ஸஃப்கா' நாடகத்தின் உரையாடலை, வாசிப்பவர் விரும்பினால் ஃபுஸ்ஹாவாகவும் விரும்பினால் ஆம்மிய்யாவாகவும் வாசிக்கும்படி எழுதி, அதற்கு மூன்றாவது மொழி என்று பெயரிட்டார். நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூஸ் அதற்கெல்லாம் இடம் தரவில்லை. அவருடைய கெய்ரோத் தெருக்காரர்கள் கடைசிவரை ஃபுஸ்ஹாவில்தான் பேசினார்கள்.

அரசியல்வாதிகளுக்கு இந்தப் படிகள் கருவி. 1956 ஜூலை 26-இல் அலெக்சாந்திரியாவின் மன்ஷிய்யா சதுக்கத்தில் எகிப்திய அதிபர் நாசர் பேசினார். உலக வங்கியோடு நடந்த பேச்சுவார்த்தையைக் கெய்ரோப் பேச்சில் கதைபோலச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கும் ஆணைக்கு வந்தபோது குரலும் மொழியும் மாறின. ஆணை தூய ஃபுஸ்ஹாவில் ஒலித்தது. பிரிட்டிஷ் அரபியறிஞர் கிளைவ் ஹோல்ஸ் நாசரின் உரைகளை ஆராய்ந்தபோது இந்த ஒழுங்கு திரும்பத் திரும்பக் கிடைத்தது. கல்வெட்டுபோல் நிற்க வேண்டியது ஃபுஸ்ஹாவில், அதை விளக்கி மக்களைத் தோளில் தட்டுவது ஆம்மிய்யாவில்.

கருவி கைகொடுக்காத நாளும் உண்டு. துனீசிய அதிபர் பின் அலீ இருபத்து மூன்று ஆண்டுகள் ஃபுஸ்ஹாவில் உரையாற்றியவர். 2011 ஜனவரி 13 இரவு, தெருவெங்கும் போராட்டம் நடக்க, தொலைக்காட்சியில் முதல்முறையாகத் துனீசியப் பேச்சில் பேசினார். துனீசியர் எல்லோருடைய மொழியில் பேசுகிறேன் என்று சொல்லியே தொடங்கினார். "ஃப்ஹிம்த்கும்", உங்களைப் புரிந்துகொண்டேன். ஃபுஸ்ஹாவில் அது "ஃபஹிம்துகும்" என்றிருக்கும், இரண்டு உயிரொலி கூடுதலாக. மறுநாள் அவர் நாட்டை விட்டுப் போய்விட்டார்.

கௌரவம் எந்தப் பக்கம்?

ஆய்வாளர்களே வழுக்கி விழுந்த இடம் ஒன்று. மேலை நகரங்களில் நடந்த ஆய்வுகளில் ஆண்களைவிடப் பெண்களே தர வடிவத்துக்கு நெருங்கிப் பேசுவதாகத் தெரிந்தது. அரபு நகரங்களிலோ காஃப் என்ற எழுத்தின் தொண்டை ஆழ ஒலியை ஆண்களே அதிகம் சொன்னார்கள். அரபுப் பெண்கள் விதிவிலக்கு என்று எழுதத் தொடங்கினார்கள். 1986-இல் முஹம்மத் ஹஸன் இப்ராஹீம் அதை மறுத்தார். தர வடிவமும் கௌரவ வடிவமும் ஒன்றுதான் என்று மேலை நாட்டை வைத்து எண்ணிவிட்டீர்கள் என்றார். ஃபுஸ்ஹாவுக்குக் கீழே, பேச்சு வழக்குகளுக்குள்ளேயே ஒரு கௌரவ ஏணி இருக்கிறது.

அம்மான் நகரம் இதைக் கண்முன் காட்டுகிறது. நூறாண்டுக்கு முன் சிற்றூர். ஜோர்டானியர் காஃபை வளைகுடாக்காரர்போல், ஆங்கில g ஒலியில் 'க' என்று சொல்வார்கள். 1948-க்குப் பின் பாலஸ்தீன நகரங்களிலிருந்து வந்தவர்கள் அதைத் தொண்டை அடைப்பாகச் சொன்னார்கள். இனாம் அல்வெர் நீண்டகாலமாக இந்நகரை ஆராய்கிறார். இளம் பெண்கள், குடும்பம் எங்கிருந்து வந்தது என்று பாராமல், தொண்டை அடைப்புக்கு மாறினார்கள். அது நகரம், நாகரிகம். பாலஸ்தீனக் குடும்பத்துப் பையன்களோ நண்பர்கள் நடுவே 'க' சொல்லக் கற்றார்கள். அது ஆண்மை, உள்ளூர்க்காரன் என்ற உரிமை. உண்மையான காஃப் இந்தப் போட்டியில் இறங்கவே இல்லை.

முதல் வகுப்பு

இதெல்லாம் பெரியவர்களுக்கு. ஆறு வயதுக் குழந்தைக்கு இரட்டை வழக்கு என்றால் பள்ளியின் முதல் பாடப்புத்தகம். எலினோர் சயேக்-ஹத்தாத் இஸ்ரேலில் வாழும் பாலஸ்தீனக் குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்து, அதிலுள்ள சொற்களை எழுத்தரபியோடு ஒப்பிட்டார். ஐந்து வயதுக் குழந்தை அறிந்த சொற்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் எழுத்தரபியிலும் அதே வடிவில் இருந்தது. ஐந்தில் இரண்டு பங்கு ஒலி மாறிய உறவுச் சொற்கள். மீதி முற்றிலும் வேறு. அவருடைய சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. தம் பேச்சில் இல்லாத ஒலி சொல்லில் வந்தால், குழந்தைகள் அந்தச் சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதிலேயே தடுமாறுகிறார்கள். வாசிக்கக் கற்பதன் அடித்தளமே அந்தப் பிரிப்புதான்.

வளர்ந்த பிறகாவது இரண்டும் ஒன்றாகிவிடுமா? ஹைஃபாவில் ரஃபீக் இப்ராஹீமும் ஜூடித் அஹரோன்-பெரெட்ஸும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளக்கப் பார்த்தது. ஒரு சொல்லைக் கேட்டபின் அதோடு தொடர்புள்ள சொல் வந்தால் மூளை அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். "மருத்துவர்" காதில் விழுந்தபின் "நோயாளி" எளிது. இந்த உதவி பேச்சரபிக்குள் பெரிதாக இருந்தது. எழுத்தரபி வந்தபோது குறைந்தது, ஏறத்தாழ அவர்களுடைய இரண்டாம் மொழியான ஹீப்ரூ வந்தபோது இருந்ததுபோல. ஒரே ஆய்வை வைத்து ஃபுஸ்ஹா அரபியருக்கு அந்நிய மொழி என்று தீர்ப்பெழுத நான் தயாரில்லை. ஆனால் பள்ளிகள் அதைத் தாய்மொழி என்று கருதிப் பாடம் நடத்துவது குழந்தைக்கு நியாயமாகாது என்று சொல்லலாம்.

ஒரு மருந்து பள்ளிக்கு வெளியே கிடைத்திருக்கிறது: குழந்தைகளுக்கான தொலைக்காட்சி. 1979-இல் குவைத்தில் தொடங்கிய 'இஃப்தஹ் யா சிம்சிம்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி எளிய ஃபுஸ்ஹாவில் பேசியது. ஜப்பானியக் கால்பந்துக் கார்ட்டூன் 'கேப்டன் மாஜித்' என்ற பெயரில் ஃபுஸ்ஹாவில் வந்து ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்டது. பள்ளிக்குப் போகும் முன்பே ஃபுஸ்ஹாவைக் காதால் கேட்ட குழந்தைகள் பின்னால் வாசிப்புப் புரிதலில் முந்துகிறார்கள் என்று ஸலீம் அபூரபீஆ நடத்திய கதை கேட்கும் ஆய்வு காட்டியது.

மேடம் கற்றுத்தந்த அரபி

புத்தகமும் பள்ளியும் இல்லாமல், வேலை செய்யும் இடத்திலேயே கற்கும் அரபியையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. வளைகுடாவில் தமிழர், மலையாளி, வங்காளி, அரபியர் எல்லோரும் கலந்து பேசும் கலவை மொழியை ஜே. ஆர். ஸ்மார்ட் 1990-இல் முதன்முதலில் விவரித்தார். அரபி வினை ஆளுக்கொரு வடிவம் எடுக்கும். இதில் எல்லோருக்கும் ஒரே வடிவம். எதை மறுப்பதென்றாலும் முன்னால் ஒரு "மாஃபி" போட்டால் முடிந்தது. அலட்சியமாகப் பேசப்படும் கொச்சை என்று தோன்றும், ஆனால் அதற்கும் ஒழுங்கு உண்டு.

லெபனான் மொழியியலாளர் ஃபீதா பிஸ்ரி பெய்ரூத்தில் வீட்டு வேலை செய்யும் இலங்கைப் பெண்களின் அரபியை ஆராய்ந்து 2010-இல் நூல் எழுதினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'பிட்ஜின் மேடம்'. பிட்ஜின் என்பது இத்தகைய கலவை மொழிக்கான பொதுப்பெயர். அந்தப் பெண்களின் வினைகள் பலவும் பெண்பால் ஏவல் வடிவிலேயே உறைந்துபோயிருந்தன. "நான் வந்தேன்" என்று சொல்லும்போதும், பெண்ணைப் பார்த்து "வா" என்று சொல்லும் வடிவமே வருகிறது. அவர்கள் அரபியை எப்படிக் கேட்டார்களோ அப்படியே இலக்கணம் அமைந்துவிட்டது.

எழுதத் தொடங்கிய பேச்சு

கைபேசி வந்தபின் பேச்சு வழக்கு முதல்முறையாகப் பெருமளவில் எழுத்துக்கு வந்தது. தொடக்கத்தில் அரபி விசைப்பலகை இல்லாத கருவிகளில் இளைஞர்கள் இலத்தீன் எழுத்தோடு எண்களைக் கலந்தார்கள். ஐன் என்ற எழுத்துக்கு 3, ஆழமான ஹாவுக்கு 7, தொண்டை அடைப்புக்கு 2. எழுத்தின் உருவமும் எண்ணின் உருவமும் ஒத்திருப்பதால் வந்த தேர்வு.

இந்த எழுத்துக்குவியல் கணினி மொழியியலாளர்களுக்குப் புதையல். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்திலும் கார்னகி மெலனின் கத்தார் வளாகத்திலும் இருந்த ஆய்வாளர்கள், பயணிகள் பேசும் ஒரே வாக்கியங்களை 25 நகரங்களின் பேச்சில் எழுதிவாங்கினார்கள். திட்டத்தின் பெயர் மதார். 2018-இல் வெளியான முடிவு: சராசரியாக ஏழு சொல் நீளமுள்ள வாக்கியத்தைக் கொடுத்தால், அது எந்த நகரம் என்று கணினி 67.9 விழுக்காடு சரியாகச் சொன்னது. பதினாறு சொல் கொடுத்தால் 90 விழுக்காட்டைத் தாண்டியது.

அதற்கு முன் அவர்கள் தீர்க்க வேண்டியிருந்தது எழுத்துக்கூட்டல். ஆம்மிய்யாவை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு எல்லோரும் ஏற்ற விதி இல்லை, ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். நிஸார் ஹபஷும் உடன் பணியாற்றியவர்களும் 2012-இல் கோடா என்ற எழுத்துவிதியை வகுத்தார்கள். கெய்ரோக்காரர் "இதயம்" என்பதை 'அல்ப் என்கிறார், குவைத்காரர் கல்ப் என்கிறார். ஒலித்தபடி எழுதுவதா? கோடாவின் விதி அதற்கு இடம் தரவில்லை. இருவரையும் காஃப் போட்டே எழுதச் சொல்கிறது, ஃபுஸ்ஹாவில் எழுதுவதைப்போல. அப்போதுதான் ஊர் மாறினாலும் சொல் ஒன்றே என்பது கணினிக்குத் தெரியும். தில்வ'தியும் அப்படியே, வாயில் இல்லாத காஃபோடு எழுதப்படுகிறது.